ஓர் அங்குலச் சவ்வும் அரைக் கிலோ பால் சுறாவும்

என் மகளுக்குப் பால் திரும்பி வந்தது எதனால்?

இந்தக் கேள்விக்கு என்னிடம் இரண்டு பதில்கள் இருக்கின்றன. இரண்டும் ஒரே மாலையில், முக்கால் மணி நேர இடைவெளியில் தொடங்கின. அதனால் எது என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை. நான் ஒரு தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். காரணத்தைக் கண்டுபிடிக்கத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஸ்டோர் ரூம்

யாழினிக்கு அப்போது ஆறரை மாதம். விடுப்பு முடிந்து நான் வேலைக்குத் திரும்பி ஐந்தாவது வாரம். அடையாற்றில் எங்கள் பரிசோதனைக் கூடத்தின் ஸ்டோர் ரூமில், கையுறைகள் வந்த அட்டைப்பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்திருக்கிறேன். மடியில் பால் எடுக்கும் மின் பம்ப். கதவுக்கு உள்தாழ்ப்பாள் கிடையாது. வெளியே ஹமீதா காவல்.

ஹமீதா என்னோடு வேலை செய்பவள், ராயப்பேட்டைக்காரி. பொய் சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு தசைகூட அசையாது.

"உள்ள யாரு?" இது கணக்குப் பிரிவு சாரின் குரல்.

"வித்யா, சார். ஸ்டாக் எடுக்கறா."

"காலைலயும் எடுத்தாங்களே?"

"கம்மியாகிட்டே வருது சார். அதான் அடிக்கடி பாக்கறோம்."

அவள் சொன்னது உண்மை. பாட்டிலைத் தூக்கிப் பார்த்தேன். முப்பது மில்லி. மூன்று வாரத்துக்கு முன்பு இதே பெட்டியின் மேல் உட்கார்ந்து நூற்றுப் பத்து எடுத்திருக்கிறேன். பெட்டி மாறவில்லை, நேரம் மாறவில்லை, மேலே மாட்டியிருந்த தீயணைப்புப் பயிற்சி அட்டவணைகூட மாறவில்லை. ஆகவே மாறியது நான்தான் என்று முடிவு செய்தேன்.

அந்த மோட்டாரின் சத்தம் முதல் நாளிலிருந்தே என் காதில் 'போதாது, போதாது' என்றுதான் விழும். இருபது நிமிடம் தொடர்ந்து கேட்டால் யாராக இருந்தாலும் நம்பிவிடுவார்கள்.

பாட்டிலை பேன்ட்ரி ஃபிரிட்ஜில் வைத்தேன். அதன்மேல் ஹமீதா ஒரு சீட்டு ஒட்டியிருந்தாள்: 'இது சோதனை மாதிரி அல்ல. பரிசோதிக்க வேண்டாம்.'

சவ்வோடு பிழைப்பு

என் வேலையை யாருக்காவது விளக்கினால் பாதியிலேயே மொபைலை எடுத்துவிடுகிறார்கள். இருந்தாலும் இந்த வாரத் தொடருக்கு அது தேவை.

அடுக்குமாடிக் குடியிருப்புகள், ஹோட்டல்கள், பள்ளிகள் எல்லாம் குடிதண்ணீரை எங்களுக்கு அனுப்புகின்றன. அதை ஒரு வெள்ளைச் சவ்வின் மேல் ஊற்றி, அடியிலிருந்து பம்ப் வைத்து உறிஞ்சுவோம். சவ்வு வட்டமாக, மெல்லிய அப்பளம் போல இருக்கும். அதிலுள்ள துளைகள் தலைமுடியின் தடிமனில் நூற்றில் ஒரு பங்கைவிடச் சிறியவை. தண்ணீர் கீழே போய்விடும், கிருமி மேலேயே மாட்டிக்கொள்ளும். அந்தச் சவ்வைக் கிருமி வளரும் உணவின் மேல் விரித்து ஓர் இரவு கதகதப்பில் வைத்தால், மறுநாள் காலையில் ஒவ்வொரு கிருமியும் ஒரு புள்ளியாக நிற்கும். எண்ணி எழுதிக் கையெழுத்துப் போடுவேன்.

இந்த வேலைக்கு வந்த பிறகு எனக்கு எங்கும் சவ்வாகத் தெரிகிறது. சமையலறையில் தொங்கும் ஆர்.ஓ. பெட்டிக்குள் சுருட்டிய சவ்வு. டாக்டர் யாழினியின் நெஞ்சில் வைக்கும் ஸ்டெதாஸ்கோப்பின் வட்டத்தில் ஒரு சவ்வு. மொபைலில் மழை புகாமல் பேச்சு மட்டும் புக ஒரு சவ்வு. டி.வி. ரிமோட்டின் பொத்தான்களுக்கு அடியிலும் ஒன்று உண்டு, யாழினி கடித்துக் காட்டியதால் தெரிந்தது. இரண்டு பக்கங்களைச் சந்திக்க விடாமல், ஆனால் சேதியை மட்டும் கடத்திவிடுவதுதான் சவ்வின் வேலை. நானும் அம்மாவும் போனில் பேசிக்கொள்ளாத வாரங்களில் அப்பா இதைத்தான் செய்வார்.

எங்கள் கூடத்தில் இரண்டு விதிகள் உண்டு. ஒன்று, சவ்வை விரலால் தொடக்கூடாது, இடுக்கியால்தான் எடுக்க வேண்டும். இரண்டு, முடிவு விநோதமாக வந்தால் முதலில் கருவியைச் சந்தேகப்படு, பிறகு மாதிரியைச் சந்தேகப்படு.

முதல் விதியை வீட்டிலும் கடைப்பிடித்தேன். இரண்டாவதைக் கடைப்பிடிக்கவில்லை. நடந்தது முழுக்க இதுதான், மற்றதெல்லாம் விவரம்.

ராயப்பேட்டையில் வாங்கிய இடுக்கி

பால் பம்ப்புக்குள்ளும் ஒரு சவ்வு இருக்கிறது. ஓர் அங்குல அகலம், சிறு கிண்ணம் போன்ற வடிவம், சிலிகோன். மோட்டார் இழுக்கும்போது கிண்ணம் உள்ளே போகும், விடும்போது வெளியே வரும். அந்த அசைவுதான் மறுபக்கத்தில் உறிஞ்சலாகிறது. மோட்டாரும் பாலும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்வதே இல்லை.

பாகங்களைத் தினமும் கொதிநீரில் போட்டு எடுப்பேன். எல்லாரும் கழுவிய கையால்தான் எடுப்பார்களாம், பிறகு தெரிந்துகொண்டேன். சவ்வு என்று பார்த்ததும் எனக்குக் கை போகவில்லை. ஹமீதாவோடு போய், ராயப்பேட்டையில் அரசு மருத்துவமனைப் பக்கம் மருத்துவச் சாமான் விற்கும் கடையில் ஒரு எவர்சில்வர் இடுக்கி வாங்கினேன்.

கூடத்தில் நாங்கள் வைத்திருக்கும் இடுக்கியின் நுனி தட்டையாக இருக்கும். கடையில் அது இல்லை.

"கூர் நுனிதாம்மா கீது. நல்லா புடிக்கும், வழுக்காது," என்றார் கடைக்காரர்.

நல்லா பிடித்தது. வழுக்கவே இல்லை.

மாமாவின் நோட்டு

பகலில் யாழினியைப் பார்த்துக்கொள்வது என் மாமனார். மாமியார் எங்கள் திருமணத்துக்கு முன்பே காலமாகிவிட்டார். மாமா பேருந்துப் பணிமனையில் நேரக் காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மந்தைவெளி வீட்டில் அவரும் யாழினியும் ஒரு கால அட்டவணைப்படி இயங்கினார்கள். பதினொன்று நாற்பதுக்குப் பால், புகட்டும் பாலாடையில். ஒன்றேகாலுக்குக் கேழ்வரகுக் கூழ். மூன்றுக்கு மறுபடி பால். ஒரு நீள நோட்டில் கோடு போட்டு, நேரம், அளவு, காரணம் என்று மூன்று பத்திகள் வைத்திருந்தார்.

'காரணம்' என்ற பத்தி எனக்குப் பயமாக இருந்தது. அளவு குறையத் தொடங்கியதிலிருந்து அந்த நோட்டை நான் திறக்கவில்லை. தினமும் மாலை அது டி.வி. பக்கத்தில் மூடியே கிடக்கும். நான் அதைச் சுற்றிக்கொண்டு போவேன்.

அலமாரியின் மேல்தட்டில் ஒரு மாவுப்பால் டின் இருந்தது. என் கணவர் பிரபு வாங்கி வைத்தது.

"சும்மா இருக்கட்டும்னுதான் வாங்கினேன்," என்றார்.

"சும்மா இருக்கறதுக்கு எதுக்கு வாங்கணும்?"

"நான் டின் பால்ல வளர்ந்தவன்தான் வித்யா."

அவர் ஆறடி. வாதத்தில் குறை சொல்ல முடியாது. டாக்டரும் தேவைப்பட்டால் கொடுங்கள், ஒன்றும் ஆகாது என்றுதான் சொல்லியிருந்தார். அந்த டின்னோடு எனக்கு விரோதம் இல்லை. அதைத் திறக்கும் நாளில், என்னால் ஆகவில்லை என்று நானே கையெழுத்துப் போடுவதாக நினைத்தேன், அவ்வளவுதான். திங்கட்கிழமை வரை பார்ப்பது, வராவிட்டால் திறந்துவிடுவது என்று முடிவானது.

இடையில் நான் செய்தவை: பூண்டுப் பால், வெந்தயக் கஞ்சி, ஒரு லேகியம், பம்ப் போடும்போது யாழினியின் புகைப்படத்தைப் பார்ப்பது, யாழினியின் சட்டையை முகர்வது. ஒரு நாள் யாழினியின் சட்டையை முகர்ந்துகொண்டிருந்தபோது கணக்குப் பிரிவு சார் கதவைத் திறந்துவிட்டார். "ஸ்டாக் சரியா இருக்கா?" என்று கேட்டுவிட்டு மூடிக்கொண்டார். நல்ல மனிதர்.

பம்ப்பின் இழுப்பு குறைந்திருந்ததை உணர்ந்தேன் என்பதும் உண்மை. வருவதற்கு ஒன்றும் இல்லை, அதனால்தான் இழுபடவில்லை என்று விளக்கம் சொல்லிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை நேராக என்னிடம் குடித்த யாழினி வயிறு நிறைந்து தூங்கினாள். அதற்கும் விளக்கம் வைத்திருந்தேன்: விடுமுறை, எனக்கு ஓய்வு. என் மேசைக்கு இப்படி ஒரு அறிக்கை வந்திருந்தால் சிவப்பு மையில் திருப்பி அனுப்பியிருப்பேன்.

கடல் சரியில்லை

ஸ்டெல்லா அக்கா பட்டினப்பாக்கத்திலிருந்து எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவருபவர். கூடையை இறக்கும் முன்பே முகத்தைப் படித்துவிடுவார்.

"இன்னா கண்ணு, மூஞ்சி இப்பிடி கீது?"

சொன்னேன்.

"இதுக்கா அழுவுற? பால் சுறா துன்னா தன்னால ஊறும். நாலே நாளு. நான் மூணு புள்ள பெத்தவ, என்னாண்ட கேளு."

"கொண்டாங்கக்கா."

"கொண்டாறன்னு சொல்றேன், இருந்தாத்தான? மழைல ஒரு போட்டும் போவல. கடல் சரியில்ல. வந்ததும் மொத சுறா உனக்குத்தான்."

அந்த வாரம் முழுவதும் மழை. நான் காலையில் எழுந்ததும் வானிலை பார்த்தேன். என் குழந்தையின் பசிக்கும் வங்கக் கடலின் காற்றழுத்தத்துக்கும் தொடர்பு உண்டென்று நம்பிய பெண், முதுகலை நுண்ணுயிரியல் படித்தவள் என்பதைப் பதிவு செய்கிறேன்.

வெள்ளிக்கிழமை

அளவு குறையத் தொடங்கிப் பதினோராம் நாள். காலையில் கூடத்தில் ஹமீதாவின் வடிகட்டும் கருவி மக்கர் செய்தது. பம்ப் ஓடுகிறது, தண்ணீர் இறங்குவது ஒழுங்காக இல்லை.

"இந்தத் தண்ணில ஏதோ இருக்கு," என்றாள் ஹமீதா.

"தண்ணிய அப்புறம் பழி சொல்லு. மொதல்ல சவ்வப் பாரு," என்றேன், தலை நிமிராமல்.

பார்த்தாள். ஓரத்தில் கிழிந்திருந்தது. இடுக்கி பட்டிருக்கும். வேறு சவ்வு போட்டாள். தண்ணீர் ஒழுங்காக இறங்கியது. இருவரும் வேலையைத் தொடர்ந்தோம். ஒரு பத்து நிமிடம் போயிருக்கும்.

"வித்யா."

"ம்."

"உன் பம்ப்புல பாத்தியா?"

நான் கையில் இருந்த தட்டைக் கீழே வைத்தேன். மிக மெதுவாக வைத்தேன், அது ஞாபகம் இருக்கிறது.

ஸ்டோர் ரூமில் பம்ப்பைப் பிரித்துச் சிலிகோன் கிண்ணத்தை டியூப் லைட்டுக்கு நேராகப் பிடித்தோம். அடிப்பக்கத்தில் இரண்டு ஒளிப் புள்ளிகள். அருகருகே, எதிரெதிராக. ஒரு கூர் இடுக்கியின் இரண்டு நுனிகள் பதியும் அதே தூரத்தில்.

"இவ்ளோ சுத்தமா யாராலயும் ஓட்டை போட முடியாதுடி," என்றாள் ஹமீதா.

அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. குற்றம் என் உடம்பிலிருந்து என் கைக்கு இடம் மாறியிருந்தது. கையை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று எனக்குத் தெரியும். பிரபுவுக்குப் போன் செய்தேன்.

"தி. நகர்ல குழந்தைச் சாமான் கடைல இந்தச் சவ்வு தனியா கிடைக்குமாம். போட்டோ அனுப்பறேன். ரெண்டு வாங்கிட்டு வாங்க."

"டின்னு?"

"டின்னப் பத்திப் பேசாதீங்க."

ஆறே முக்கால், ஏழரை

பறக்கும் ரயிலிலிருந்து இறங்கி வீட்டுக்கு வந்தால் வாசல் படியில் ஸ்டெல்லா அக்கா உட்கார்ந்திருந்தார். மழை விட்டிருந்தது. போட் போயிருந்தது. வீடு முழுக்கப் பூண்டும் மஞ்சளும் சுறாவும் மணத்தன.

மாமா அரைக் கிலோ பால் சுறாவை மஞ்சள் போட்டு வேகவைத்து, தோல் உரித்து, உதிர்த்து, ஈரம் போகப் பிழிந்து, வெங்காயம் பச்சைமிளகாயோடு ஒரு பிடி பூண்டும் போட்டுப் புட்டாக்கியிருந்தார். ஸ்டெல்லா அக்கா வாசலிலிருந்தே ஒவ்வொரு படியையும் சத்தம் போட்டுச் சொல்லிக்கொடுத்ததாகத் தெரிந்தது.

"அக்கா, காரணம் தெரிஞ்சிடுச்சு. பம்ப்புல ஒரு சவ்வு..."

"சவ்வாவது கிவ்வாவது. குந்து. நீ துன்றத பாத்துட்டுத்தான் போவேன்."

ஆறே முக்காலுக்குத் தின்றேன். எனக்குச் சுறா பிடிக்காது. ஏழரைக்குப் பிரபு சவ்வோடு வந்தார். விரலால் எடுத்து மாட்டினேன். மோட்டார் அதே 'போதாது, போதாது' என்றுதான் சொல்லியது.

எழுபது மில்லி.

சவ்வுதான் காரணம் என்று இங்கேயே முடித்துவிடலாமே என்பீர்கள். நூற்றுப் பத்து வரவில்லை, எழுபதுதான் வந்தது. சரியாக எடுக்காமல் விட்ட பதினொரு நாளில் சுரப்பும் கொஞ்சம் குறைந்துதான் போயிருக்க வேண்டும். மறுநாள் எண்பது, அதற்கடுத்த நாள் தொண்ணூற்றைந்து. புதன்கிழமை நூற்றிருபது. அந்த ஐந்து நாளும் ஸ்டெல்லா அக்கா சுறா கொண்டுவந்தார், நான் தின்றேன். நிறுத்தும் துணிச்சல் எனக்கு இல்லை.

திங்கட்கிழமை டின் திறக்கப்படவில்லை.

காரணம் என்ற பத்தி

புதன்கிழமை மாலை, அளவுகளை வரைபடமாகப் போட்டுப் பார்க்க நோட்டைத் திறந்தேன். அந்தப் பதினொரு நாளின் பக்கம். நாற்பது, முப்பத்தைந்து, முப்பது. எதிரே காரணம் என்ற பத்தியில், மாமாவின் நேர்த்தியான எழுத்தில், நான் வீட்டில் இருந்த ஞாயிறு தவிர எல்லா நாளும் ஒரே வார்த்தைகள்: 'வண்டிக் கோளாறு.'

"மாமா, பம்ப்புல கோளாறுன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"எனக்கு எப்படிம்மா தெரியும்? நான் அதத் தொட்டதே இல்லையே."

"அப்புறம் ஏன் இப்படி எழுதியிருக்கீங்க?"

"டிப்போல அப்படித்தாம்மா. வண்டி லேட்டுன்னா ஏதாவது காரணம் எழுதியே ஆகணும். டிரைவர் மேல எழுதினா அவருக்கு மெமோ வரும். பஸ்ஸு மேல எழுதினா, பஸ்ஸுக்கு யாரு மெமோ குடுக்கப் போறா?"

நான் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றேன். தண்ணீர் வீணாகிறது என்று வழக்கமாக அந்த வீட்டில் கத்துவது நான்தான். அன்று யாரும் கத்தவில்லை.

திரும்பி வந்து பார்த்தபோது இன்னொன்று கண்ணில் பட்டது. வெள்ளிக்கிழமை மாலையிலிருந்து காரணப் பத்தி காலியாக இருந்தது.

"இங்க ஒண்ணும் எழுதலையே மாமா?"

"நேரத்துக்கு வந்த வண்டிக்கு யாரும்மா காரணம் கேக்கறாங்க?"

நான் கேட்கிறேன். அதுதான் என் பிரச்சினை.

இரண்டாவது வாய்ப்பு

சில மாதம் கழித்து ஒரு வாய்ப்பு வந்தது. ஸ்டெல்லா அக்காவின் மகள் ஜெனிஃபருக்குக் குழந்தை பிறந்தது. எடை குறைவு, உறிஞ்சும் தெம்பு இல்லை, பாலை எடுத்துத்தான் புகட்ட வேண்டும் என்றார்களாம். கையால் பிழிந்தால் போதவில்லை. அக்கா கூடை இல்லாமல் வந்து நின்றார். அவரை நான் அப்படிப் பார்த்ததே இல்லை.

"உன் மிசினு குடுக்கிறியா கண்ணு?"

புனல், பாட்டில், சவ்வு எல்லாம் புதிதாக வாங்கிப் போட்டு மோட்டாரைக் கொடுத்தேன். இடுக்கியால் தொடாதீர்கள் என்று மூன்று முறை சொன்னேன். பிறகு, கேட்கக்கூடாது என்று தெரிந்தே, கேட்டேன்.

"அக்கா, ஒரு வாரம் மட்டும் சுறா குடுக்காம பாக்கறீங்களா? எதுனாலன்னு தெரிஞ்சிடும்."

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"உன் டெஸ்ட்டுக்கு என் பேத்தி பட்டினி கெடக்கணுமா?"

"இல்லக்கா."

"படிச்ச புள்ள மாரியா பேசுற?"

படித்த பிள்ளை மாதிரிதான் பேசினேன், அதுதான் தவறு. ஜெனிஃபர் பம்ப்பும் போட்டாள், புட்டும் தின்றாள். பால் வந்தது. பேத்தி இப்போது கன்னமும் தொடையுமாக இருக்கிறாள். அக்கா கடற்கரைப் பக்கம் எல்லாரிடமும் சுறாவால் வந்தது என்கிறார். ஜெனிஃபர் மிஷினால் வந்தது என்கிறாள். நான் யாரிடமும் ஒன்றும் சொல்வதில்லை.

உங்களிடம் ஒரு வேண்டுகோள்

சென்ற வாரம் இந்தத் தொடரில் தொட்டில் கொக்கி பற்றி எழுதியதற்கு உங்களில் பலர் யோசனை சொல்லி எழுதியிருந்தீர்கள். கொக்கியை மாற்றிவிட்டேன், நன்றி. இந்த வாரமும் உதவி தேவை.

பம்ப்பின் சவ்வை மட்டும் மாற்றி, சுறாவைத் தொடாதவர்கள் இருந்தால் எழுதுங்கள். சுறாப் புட்டு மட்டும் தின்று, பம்ப் பக்கமே போகாதவர்களும் எழுதுங்கள். எந்த நாளிலிருந்து எவ்வளவு என்ற விவரத்தோடு எழுதினால் நல்லது. இரண்டையும் ஒன்றாகச் செய்தவர்கள் தயவுசெய்து எழுத வேண்டாம். அப்படி ஏற்கெனவே இருவர் இருக்கிறோம்.

மாமாவின் நோட்டை யாழினிக்காக எடுத்து வைத்திருக்கிறேன். அந்த வெள்ளிக்கிழமை மாலையின் காரணக் கட்டம் இன்னும் காலியாக இருக்கிறது. அதில் என்ன எழுதலாம், அல்லது எழுதாமலே விட்டுவிடலாமா என்று சொல்லுங்கள். ஒரு காரணத்துக்குத்தான் இடம் உண்டு. பென்சிலில் எழுதினால் பரவாயில்லை என்று மாமா சொல்லிவிட்டார்.